வார் பட்ட இடம்

அந்தப் பெண்குதிரைக்கு அத்தை என்று பேர் வைத்தது, சவாரி கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள். எதை நீட்டினாலும் முதலில் முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளிக்கும். முதுகில் ஏறப்போகிறவரைத் திரும்பிப் பார்த்து, 'நீயா' என்பதுபோல ஒரு பெருமூச்சு விடும். ஆனால் ஏறிய பிறகு எவ்வளவு பயந்த பிள்ளையையும் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். பள்ளியில் இருந்த மற்றக் குதிரைகளுக்கெல்லாம் பெரிய பெரிய பேர்கள். கூப்பிட்டால் திரும்பியது அத்தை மட்டும்தான்.

சவாரிப் பள்ளியை நடத்தியவள் அத்தையை ஒரு சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு தன் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது கோடை உச்சத்தில் இருந்தது. ரோட்டுத் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. அண்ணன் தையல்காரர், கை நடுக்கம் வந்து கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். அண்ணி ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே எல்லாருக்கும் அவள் கட்டுக்காரம்மா. பெரிய டாக்டரே சில புண்களுக்கு, "கட்டுக்காரம்மா வரட்டும்" என்று காத்திருப்பார்.

நாத்தனார் லாரியின் பின்கதவைத் திறந்து குதிரையின் இடது பக்கத்தைக் காட்டினாள். சேணம் நகராமல் இருக்க வயிற்றைச் சுற்றி இறுக்குகிற தோல் வார், முன்னங்காலுக்குப் பின்னால் உரசி உரசி, உள்ளங்கை அகலத்துக்கு மேல்தோலை வழித்து எடுத்திருந்தது. வியர்வையும் மைதானத்துப் புழுதியும் அதில் சேர்ந்து குழம்பாகியிருந்தன. ஈ மொய்த்தது. அதைச் சுற்றி முடியெல்லாம் கொட்டி, சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

கோடை முகாம் நடப்பதாகவும், ஆள் போதவில்லை என்றும், தினம் இரண்டு வேளை கழுவிக் காயவைக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை என்றும் நாத்தனார் சொன்னாள். கொட்டடியில் விட்டால் அரிப்புத் தாங்காமல் சுவரில் போய்த் தேய்த்துக்கொள்கிறதாம். அண்ணன் வீட்டுப் பின்பக்கம் காலியாகக் கிடக்கிற கார் ஷெட்டும், ஒரு மர நிழலும் அவளுக்கு நினைவு வந்திருக்கின்றன.

"உங்ககிட்ட விட்டாத்தான் அண்ணி எனக்கு நிம்மதி" என்றாள்.

அண்ணி குனிந்து புண்ணைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் இதே நாத்தனாரின் கைக்குழந்தையைத் தூக்கப் போனபோது, "வேணாம் அண்ணி, கண்ட புண்ணைத் தொடுற கை" என்று அவள் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பால் பொங்குகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதன் பிறகு எத்தனையோ நல்லது கெட்டதில் இருவரும் ஒரே அடுப்படியில் நின்றிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள். குழந்தை வளர்ந்து வெளிநாட்டுக்கே போய்விட்டது. சொன்னவள் எப்போதோ மறந்துவிட்டாள். கேட்டவளுக்கு அது அப்படியே இருந்தது.

"இறக்கு" என்றாள் அண்ணி.

*

முதல் வாரம் அவள் செய்தது எல்லாம் தப்பு.

மனுஷத் தோலுக்குச் செய்துவந்ததையே குதிரைக்கும் செய்தாள். களிம்பைக் கனமாகப் பூசி, துணி வைத்து, மார்பைச் சுற்றிக் கட்டுப் போட்டாள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது அந்தக் கட்டு. ஆனால் அந்த வெயிலில் கட்டுக்குள் வியர்வை தேங்கி, களிம்போடு ஊறி, கொப்புளம் புண்ணைத் தாண்டி விலா வரைக்கும் பரவிவிட்டது. பார்க்க வந்த குதிரை டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

"அம்மா, இதுக்குக் காத்துதான் மருந்து" என்றார். உப்புத் தண்ணீரில் கழுவுங்கள், ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள், மெல்லிசாக ஒரு பூச்சு பூசினால் போதும், நிழலில் காற்றாட நிறுத்துங்கள், ஈ அண்டாமல் பாருங்கள் என்றார். எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று சொன்னார். புண் மூடினால் ஆறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. முடி வந்து, தோல் தடித்து, விரலால் கிள்ளினால் மற்ற இடம் மாதிரியே இருக்கும்வரை வார் படக் கூடாது. "புதுத்தோலு காகிதம் மாதிரி. உங்களுக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியாததல்ல. இதே வார்த்தைகளை அவளே எத்தனையோ பேரின் அம்மா அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

தையல்காரர் அந்த முதல் வாரம் குதிரைப் பக்கமே போகவில்லை. அவருக்குப் பயம். கடையை மூடியதிலிருந்து அவருடைய உலகம் முன்னறையில் ஒரு நாற்காலியும் தலைக்கு மேல் ஒரு மின்விசிறியும்தான். சாப்பிடுகிறீர்களா என்றால் "ம்". தண்ணீர் வேண்டுமா என்றால் "ம்". வாடிக்கையாளரின் அளவை எழுதிக்கொள்ளாமலே மனசில் வைத்திருந்த மனுஷன், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதைக்கூட யோசித்துச் சொல்லவேண்டியிருந்தது.

அவரை எழுப்பியது ஈதான். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தபோது, ஜன்னல் வழியாக அவர், குதிரை தலையை ஆட்டி ஆட்டி ஈயை விரட்டுவதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய்ப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, திரைச்சீலைக்கு வைக்கிற குஞ்சம் ஒரு சுருள் எடுத்துவந்து மேசையில் போட்டார். மத்தியானம் முழுக்கத் தையல் மிஷின் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. சாயங்காலம் அத்தையின் நெற்றியில் மஞ்சள் குஞ்சம் தொங்கிற்று, கண்ணுக்கு முன்னால் மணிச்சரம்போல ஆடி ஈயை ஓட்டியது. தையல் கோணலாகத்தான் இருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்து, "வெளியே போறவ இல்லையே, பரவால்ல" என்றார்.

மனைவி உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

*

அதன் பிறகு வீடு மாறிவிட்டது.

விடிந்ததும் அவர் ஷெட்டைக் கூட்டினார். அவள் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து உப்புப் போட்டுக் கொண்டுவருவாள். அவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அவள் கழுவுவாள். முதலில் தொட்டாலே குதிரையின் தோல் சிலிர்த்து ஓடும், பின்னங்காலைத் தூக்கிக் காட்டும். போகப்போக அவள் கையை நீட்டினால் தானாகவே முன்காலை எடுத்து முன்னால் வைத்து இடம் கொடுத்தது. கழுவி ஒற்றி எடுத்ததும் ஒரு பழைய அட்டையால் அவர் விசிறுவார், ஈரம் காயும்வரை. விசிறும்போது குதிரையிடம் பேசுவார். எந்தச் சட்டைக்கு யார் எப்படிச் சண்டை போட்டார்கள், கல்யாணத்துக்கு முந்தின நாள் இடுப்பளவு மாறிப்போன மாப்பிள்ளை, பொத்தானுக்குக் காஜா எடுக்காமலே கொடுத்தனுப்பிய கோட்டு. எல்லாம் அவளுக்கும் தெரியாத கதைகள்.

"எங்கம்மாவும் உங்களுக்கு அத்தைதான்" என்றாள் ஒருநாள். "அவங்க படுத்துக் கிடந்தப்ப ஒரு நாள் இப்படி விசிறியிருப்பீங்களா?"

"உங்கம்மா இப்படிக் காது கொடுத்துக் கேட்டாங்களா?" என்றார் அவர்.

பேர் செய்த குழப்பம் வேறு. மதில் பக்கமாக நின்று, அத்தைக்குப் புண் ஆறிவருகிறது, பாவம் கீழே உட்காரவே முடியவில்லை என்று அவர் சொல்வதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரம்மா, நோயாளியைப் பார்க்க ஒரு பை நிறையப் பழத்தோடு வந்துவிட்டாள். வரவேற்பறையில் உட்கார்ந்து, "எந்த ரூம்ல இருக்காங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார்கள். பழம் வீணாகவில்லை. அந்தம்மா மறுநாளும் வந்தாள், பழத்தோலோடு.

புண் சுருங்கியது. ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் ஏறி, நடுவில் ஒரு காசளவு நின்று, அதுவும் ஒருநாள் மூடிக்கொண்டது. கட்டுக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மிக அருகில் குனிந்து பார்த்தாள். அவளுக்குப் பழக்கமான சந்தோஷம் அது. ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சந்தோஷம் தனக்கு மறுபடி கிடைக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் மர நிழலில் இரண்டு நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். குதிரை அவர் தோள் பக்கம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. அவர்தான் கேட்டார்.

"தங்கச்சிகிட்ட கேட்டுப் பாக்கலாமா?"

"என்னன்னு?"

"இவள நாமளே வெச்சுக்கலாமான்னு. அவகிட்டதான் இன்னும் எத்தனையோ குதிரை இருக்கே."

அவள் சிரித்துவிட்டாள். வீட்டில் பூனை வளர்ப்பார்கள், நாய் வளர்ப்பார்கள், இந்த வயதில் குதிரை வளர்த்தால் ஊர் சிரிக்காதா என்றாள். முடியாவிட்டால் யார் பார்ப்பது, லாயத்தில் இருக்கவேண்டியதை ஷெட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அடுக்கினாள். சொன்னதெல்லாம் நியாயம்தான். அவர் குதிரையின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தபடி இருந்தார்.

மறுநாள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து, நடுங்கும் கையால் அத்தையின் மார்பைச் சுற்றி அளவெடுத்தார். எப்போது போனாலும் போகிற இடத்தில் வார் உரசாமல் இருக்கவேண்டும், அதற்கு வாரின்மேல் மாட்டுகிற மாதிரி மெத்தென்று ஒரு உறை தைக்கிறேன் என்றார். உள்ளே வைக்கக் கம்பளியை வெட்டினார். மடிப்பு தோலில் உறுத்தக்கூடாது என்று ஓரத்தை வெளிப்பக்கமாகத் திருப்பினார். மிஷினில் ஒத்துவரவில்லை, கையால்தான் தைக்கவேண்டும். ஊசியில் நூல் கோக்கவே அவருக்கு நேரம் பிடித்தது. மனைவி வாங்கப்போனால் கொடுக்கவில்லை. ஒரு பக்கம் தைத்து முடித்தார். மறுபக்கம் பாக்கி.

*

நாத்தனார் வந்தது அந்த நேரத்தில்தான்.

முகாமின் கடைசிக் கட்டமாம். புதிதாக ஒரு கூட்டம் சேர்ந்திருக்கிறது, எல்லாம் முதல்முறை ஏறுகிற பிள்ளைகள், அத்தை மாதிரி ஒரு நிதானமான குதிரை இல்லாமல் திண்டாடுகிறாள். வெயிலில் கறுத்து, தொண்டை கட்டி, தூக்கம் இல்லாத கண்ணோடு இருந்தாள். காபியைக்கூட நின்றபடியே குடித்துவிட்டுப் பின்பக்கம் போனாள்.

இடது பக்கம் குனிந்து பார்த்தவள், வெகுநேரம் நிமிரவில்லை. விரலால் தடவினாள். குதிரை அசையவில்லை. புண் இருந்த இடத்தில் பஞ்சு மாதிரி மெல்லிய முடி வந்திருந்தது. அதற்குள் தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

"அண்ணி" என்றாள் நாத்தனார், நிமிர்ந்து. "எங்க டாக்டரால இப்படி ஆத்தியிருக்க முடியாது. நான் எத்தனையோ வார்ப்புண்ணு பார்த்திருக்கேன். உங்க கைன்னா கைதான்."

சொல்லிவிட்டு அண்ணியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அண்ணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காது மடல் சூடாகிப்போனது. ஏதாவது பேசவேண்டும் என்று, தினமும் எப்படிக் கழுவினோம், எவ்வளவு உப்பு, எப்படி ஒற்றினோம் என்று மளமளவென்று சொல்லத் தொடங்கினாள். நாத்தனார் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"சேணம் போடலாமா அண்ணி? நீங்கதான் சொல்லணும். நீங்க வேணாம்னா நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன்."

ஷெட்டுக் கதவருகே தையல்காரர் நின்றுகொண்டிருந்தார், கழுத்தில் அளவு நாடாவோடு. தங்கை பார்க்காதபோது மனைவியைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். வேண்டாம்.

அவள் அதைப் பார்த்தாள். அவர் குதிரையைப் பிரிய மனசில்லாமல் ஆட்டுகிறார் என்று நினைத்தாள். அதற்காகப் போய் ஒரு பொய் சொல்வதா என்று நினைத்தாள். ஆறாத புண்ணை ஆறியது என்றும், ஆறிய புண்ணை ஆறவில்லை என்றும் சொன்னதே இல்லை அவள். அப்படி நினைத்தபோது தன்மேலேயே ஒரு மதிப்புக்கூட வந்தது. விரலால் கிள்ளிப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. கிள்ளிப் பார்த்தால் என்ன தெரியும் என்பதும் தெரிந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று சொன்னால் அது பொய்யே இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால், இப்போது கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறவள் லேசாக முகம் சுருங்கி, "ஓ, இன்னும் முழுசா ஆறலையா" என்பாள்.

"போடலாம்" என்றாள்.

உடனே கூடவே பலதும் சொன்னாள். வாரை வேலை முடிந்ததும் கழுவிக் காயவைக்கவேண்டும். இறுக்கியபின் முன்காலை ஒவ்வொன்றாக முன்னால் இழுத்துவிட்டால்தான் அடியில் தோல் மடிந்து சிக்காது. வியர்வையோடு கட்டிப்போடக்கூடாது, தண்ணீர் ஊற்றவேண்டும். நாத்தனார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அண்ணன் முன்னால் வந்து, உறை ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது, முடித்துத் தருகிறேனே, அதுவரை இருக்கட்டுமே என்றார். லாரி இன்றைக்குத்தான் கிடைத்தது என்றாள் தங்கை. பள்ளியிலும் உறை இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்கிறேன் என்றாள்.

அத்தை லாரியில் ஏறுவதற்கு முன் பலகையை முகர்ந்து மூக்கைச் சுளித்தது. நெற்றியில் குஞ்சம் ஆடிற்று. தையல்காரர் ஷெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டார்.

*

அவர் உறையைத் தைத்து முடிக்கச் சில நாட்கள் ஆயின. முடித்ததும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, காகிதத்தில் சுற்றிய உறையை மடியில் வைத்துக்கொண்டு, மனைவியோடு பஸ் ஏறினார். போகிற வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அத்தை நம்மைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துகொள்ளுமா என்று இரண்டு தடவை கேட்டார். அவளுக்கும் உள்ளூர ஒரு பெருமைதான். அங்கே வேலை செய்கிறவர்கள் தன்னைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டாள்.

பள்ளி மைதானத்தில் புழுதி பறந்தது. பிள்ளைகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தை அதில் இல்லை.

நாத்தனார் அவர்களைப் பார்த்ததும் வேகமாக வந்தாள், வந்தவள் பாதியிலேயே நடையைக் குறைத்துக்கொண்டாள். அப்படியே கொட்டடிக்குக் கூட்டிப்போனாள்.

குதிரை மூலையில் சுவர் பக்கம் முகம் வைத்து நின்றது. இடது பக்கத்தில் புண் முன்பைவிட ஆழமாகத் திறந்துகொண்டிருந்தது. ஓரமெல்லாம் வீங்கி, சீழ் கோத்து, பக்கத்துத் தசை வரைக்கும் இறங்கியிருந்தது. நாத்தனார் மெதுவாக நடந்ததைச் சொன்னாள். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சேணம் போடும்போது காதை மடக்கியது. ஆறிய புண்தானே, பழைய பயம் இருக்கும் என்று பணியாட்கள் இறுக்கிவிட்டார்கள். பள்ளியில் இருந்த உறை வெயிலில் கிடந்து விறைத்துப்போயிருந்தது. குதிரை நொண்டவில்லை, உதைக்கவில்லை, பிள்ளைகளைக் கீழே போடவில்லை. தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருநாள் சேணத்தை அவிழ்க்கும்போது வார் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

கட்டுக்காரம்மா பக்கத்தில் போய்க் கையை நீட்டினாள். அத்தை காதைப் பின்னால் படியவைத்துத் திரும்பி அவள் முழங்கைப் பக்கம் பல்லால் கவ்வியது. ரத்தம் வரவில்லை, சேலைத் தலைப்புக் கிழிந்தது. அவள் பின்வாங்கிவிட்டாள். வார்டில் எத்தனையோ பேர் வலி தாங்காமல் அவளை அடித்திருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அவளுக்கு ஒன்றும் ஆனதில்லை.

"நீங்க ஆறிடுச்சுன்னு சொன்னீங்களே அண்ணி" என்றாள் நாத்தனார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. புரியாமல்தான் கேட்டாள்.

அண்ணி கிழிந்த தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டாராம். புண் ஆறிவிடும், ஆனால் அந்த இடம் தழும்பாகத்தான் ஆறும், இனி வாழ்நாளில் அதன்மேல் வார் படக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். சவாரிக்கு ஆகாத குதிரைக்கு இங்கே இடம் இல்லை. தொலைவில் பழத்தோட்டம் வைத்திருக்கிற ஒருவர், தன்னுடைய கிழட்டுக் குதிரை தனியாக இருக்கிறது, துணைக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். நல்ல மனிதர், நிழலும் புல்லும் இருக்கிறது. அவருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

தையல்காரர், "எங்ககிட்ட விட்டிருக்கலாமேம்மா" என்றார்.

தங்கை அண்ணனை ஆச்சரியமாகப் பார்த்தாள். "உங்களுக்கு அப்படி ஒரு ஆசை இருக்கும்னு எனக்கு எப்படிண்ணா தெரியும்? அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கூட்டிட்டே வந்திருக்க மாட்டேனே. இப்ப அவருக்குச் சொல்லி, அவரும் எல்லாம் தயார் பண்ணிட்டாரு."

மனைவி தரையைப் பார்த்தாள். ஊர் சிரிக்கும் என்று தான் சொன்னதை அவர் இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். சொன்னால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"அப்ப தோணலம்மா" என்றார் அவர்.

*

தோட்டக்காரர் வந்து கூட்டிப்போகும்வரை அண்ணி தினம் காலையில் பஸ் ஏறிப் பள்ளிக்குப் போனாள். நாத்தனார் குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கழுவினாள். அத்தை ஒவ்வொரு தடவையும் காதை மடக்கியது. முன்காலை எடுத்து வைத்து இடம் கொடுக்கவே இல்லை. காலை ஒருவர் பிடித்துத் தூக்கவேண்டியிருந்தது. நாத்தனார் ஒருநாள், முகாம் அவசரத்தில் நானாவது கிள்ளிப் பார்த்திருக்கவேண்டும், எனக்கும் தெரிந்த விஷயம்தானே என்றாள். அண்ணி வாளியை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள். இருவரும் ஒரே வாளியில் கை கழுவினார்கள்.

கடைசி நாள் தையல்காரரும் வந்தார். அவரிடம் மட்டும் குதிரை பழையபடி தோளில் தாடையை வைத்தது. அவர் இந்தத் தடவை கதை எதுவும் சொல்லவில்லை. வண்டி கிளம்பிப் புழுதி அடங்கும்வரை கேட்டருகே நின்றார்.

பஸ் வர நேரமானது. நிறுத்தத்து நிழலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"நீங்க தலையாட்டினதை நான் பாத்தேன்."

"தெரியும்."

"பாத்துட்டுத்தான் சொன்னேன். அந்தத் தோலு தாங்காதுன்னு எனக்குத் தெரியும். அவ என் கையைப் பிடிச்சிக்கிட்டு அப்படிச் சொன்னாளா, எனக்கு..."

அவர் எதிரில் கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கடைக்காரன் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். தெளித்த இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

"அவ உன்னைப் பத்தி அப்படி ஒரு வார்த்தை சொல்லி நானும் கேட்டதே இல்ல" என்றார் கடைசியில். "எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு. அதான் தலையை மட்டும் ஆட்டினேன். இல்லன்னா வாயைத் திறந்து சொல்லியிருப்பேன்."

பஸ் வந்தது. ஏறினார்கள். தனித்தனியாகத்தான் இடம் கிடைத்தது.

அதன் பிறகு அவர் முன்னறை நாற்காலிக்குத் திரும்பினார். முழுவதுமாக இல்லை; நினைத்துக்கொண்டால் தங்கையின் பள்ளிக்குப் போய்ச் சேணத்துக்கு அடியில் போடுகிற துணிகளைத் தைத்துக்கொடுத்துவிட்டு வருவார். போன இடத்தில் நன்றாகப் பேசுகிறார் என்று நாத்தனார் சொன்னாள். வீட்டில் பேச்சு கொஞ்சம்தான். சண்டை எதுவும் இல்லை. ஒருவருக்கொருவர் முன்னைவிட மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மழைக்காலம் வந்து போய், மறுபடி வெயில் ஏறியபின் தோட்டக்காரர் ஒரு போட்டோ அனுப்பியிருப்பதாக நாத்தனார் தன் போனை நீட்டினாள். அத்தை நன்றாகச் சதை பிடித்து, மரங்களுக்கு நடுவில் அவருடைய கிழட்டுக் குதிரையோடு நின்றுகொண்டிருந்தது. அண்ணன் வாங்கி நிறைய நேரம் பார்த்தார். வெயில் தாழட்டும், ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். சரி என்றாள் மனைவி. பிறகு அவளும் போனை வாங்கிப் பார்த்தாள். விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். வலது பக்கத்திலிருந்து எடுத்த படம் அது. இடது பக்கம் தெரியவில்லை. அதையும் எடுத்து அனுப்பச் சொல்லு என்று அவள் கேட்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காபி போட எழுந்துபோனாள். அவர்கள் இதுவரை போய்ப் பார்க்கவும் இல்லை.